மூன்று எலுமிச்சம்பழமும் தொண்ணூற்றாறு முடிச்சும்

நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்திரண்டு. ஓய்வு நேரத்தில் கம்ப்யூட்டர் கேம் எழுதுகிறேன் என்று சொன்னால் ஸ்டாஃப் ரூமில் இன்னமும் சிரிக்கிறார்கள். தையல் என்றால் தலையாட்டியிருப்பார்கள். மாடித் தோட்டம் என்றால் விதை கேட்டிருப்பார்கள். "கேம் ஆடறது தெரியும், எழுதறதுன்னா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். பின்னே, கேம் மரத்திலா காய்க்கிறது? யாரோ உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். அந்த யாரோ ஆரணியில் இருக்கக் கூடாதா? எனக்கு வந்த கோபத்தில் அன்று டீயைக்கூடக் குடிக்கவில்லை.

இந்தக் கிறுக்கு எட்டாம் வகுப்பில் பிடித்தது. சித்தப்பா வீட்டில் டிவியோடு மாட்டும் வீடியோ கேம் பெட்டி இருந்தது. அதில் சொருகுவதை நாங்கள் கேசட் என்போம். படம் வராவிட்டால் கேசட்டை உருவி அதன் வாயில் ஊத வேண்டும். ஊதினால் வந்துவிடும். ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா பிள்ளைகள் ஜெயிப்பதற்காக அடித்துக்கொள்வார்கள். எனக்கோ அந்தக் குட்டி விமானம் சுவரில் மோதும்போது ஏன் சரியாக மூன்று தடவை மினுக்குகிறது, நாலு தடவை மினுக்கச் சொல்வது எப்படி என்று தெரிந்தாக வேண்டும். ஆட என் முறை வந்தால் வேண்டுமென்றே சுவரில் மோதிக்கொண்டிருப்பேன். என்னை விரட்டிவிடுவார்கள்.

காலேஜில் படிக்கும்போது பஜார் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர். எந்த வெப் பக்கத்திலும் மவுசின் வலது பக்கத்தை அமுக்கினால் அதன் உள்வயிறு, அதாவது அதை எழுதிய புரோகிராம் வரிகள், தெரியும் என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். பிரிண்ட் எடுக்கக் காசில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுபோய் அடைப்புக்குறி விடாமல் கையால் பார்த்து எழுதினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இம்போசிஷனா?" என்றார். அந்த நோட்டு இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. அதில் ஒரு புள்ளிகூடத் தப்பாக இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் போன வருஷம் என் மூக்கை உடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஐந்தாறு கேம்களை நானே எழுதி, நானே ஆடி, நானே சலித்துத் தூக்கிப் போட்ட பிறகு உருப்படியாக வந்தது 'ஷேர் ஆட்டோ'. இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். லிங்கைத் தொட்டால் பிரவுசரிலேயே திறக்கும். எங்கள் ஊரில் யார் போனிலும் இடம் கிடையாது. கல்யாண வீடியோவும் குட்மார்னிங் படமுமே முக்கால் போனை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் வெப்பில் செய்தேன். ஒரே ஒரு பக்கம். ஒரு குட்மார்னிங் படத்தின் அளவுகூட இருக்காது. ஒரு தடவை திறந்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு சந்தவாசலில் போய் நிற்க வேண்டும். வழியில் ஏறுகிறவர்களை இடம் வலம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். ஒருவர் கையில் கோழி, ஒருவர் தலையில் மூட்டை, ஒருவர் மடியில் தறியில் ஏற்றப் போகும் பட்டு நூல் பாவு. பாவின் மேல் யாரும் சாயக் கூடாது. ஸ்பீடு பிரேக்கரில் எடை ஒரு பக்கமாக இருந்தால் வண்டி கவிழும். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அத்தை வருவார். எங்கே உட்கார வைத்தாலும் "கொஞ்சம் நவுந்து ஒக்காரு" என்று பக்கத்து ஆளைத் தள்ளிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் என்னுடையது. கவிழாமல் போய்ச் சேர்ந்தால் ஒரு ட்ரிப். ட்ரிப் ஏற ஏற ரோடு குறுகும், மழை வரும், கடைசிப் பத்தில் அத்தைகள் இரண்டு பேராக ஏறுவார்கள். அதை எழுதிய அன்று தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன்.

எதிர் வீட்டு அக்காதான் இந்தக் கேமை ஆடிய முதல் வெளி ஆள். அவருக்குப் பாவு பிணைப்பது தொழில். தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது அதை மொத்தமாக அறுத்துவிட மாட்டார்கள். வால் போலக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த வாலின் ஒவ்வோர் இழையோடும் முறுக்கி ஒட்ட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அக்கா அதைச் செய்யும்போது விரல் அசைவதே தெரியாது. எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நூறு இழை முடிந்தால் இடுப்பில் சொருகிய துண்டு நூலில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்வார். பேசிக்கொண்டே போடுவார், திட்டிக்கொண்டே போடுவார், ஆனால் போடாமல் விட மாட்டார்.

கேமைக் கொடுத்த முதல் வாரமே புகார் வந்தது.

"டீச்சர், உன் ஆட்டோ செவுட்டு ஆட்டோவா கீது. அமுக்கனா கேக்கவே மாட்டுது."

"எங்க அமுக்கறீங்கக்கா?"

"நீ சொன்ன எடத்துலதான். நல்லாத்தான் அமுக்கறேன், விரலே ஒடஞ்சிடும் போலக்கீது."

என் போனில் ஓடுகிறது, அம்மா போனில் ஓடுகிறது, அவர் போனில் மட்டும் பத்து தடவை தொட்டால் மூன்று தடவைதான் கேட்கிறது. தொடு பகுதியைப் பெரிதாக்கினேன். மொத்தத்தையும் பிரித்துத் திரும்ப எழுதினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேஜார். கடைசியில் அவர் முள்ளிப்பட்டில் ஒரு வீட்டில் பாவு பிணைக்கும் இடத்துக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓர் ஐந்நூறு இழை முடித்துவிட்டு, சாம்பல் விரலோடு அப்படியே போனை எடுத்து ஆட ஆரம்பித்தார். காய்ந்த சாம்பல் விரலை எந்தப் போன் கண்டுகொள்ளும்?

"அக்கா, கைய கழுவிட்டு வந்து அமுக்குங்க."

கழுவிவிட்டு வந்து அமுக்கினார். ஆட்டோ சிட்டாகப் பறந்தது. "இதுக்கா ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சிகினு இருந்தே?" என்று அவர் சிரித்த சிரிப்பில் தறிக்காரரும் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி.

அக்காவின் கணவர் நிஜமான ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். புது வண்டி வாங்கியபின் பழைய ஆட்டோவை விற்க மனமில்லாமல் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அக்காவுக்கோ பாதி நாள் பஸ்ஸுக்கு நின்றே போய்விடும். கணவரைக் கூப்பிட்டால் "தோ, வந்துகினே இருக்கேன்" என்பார். அந்தத் தோ ஒரு மணி நேரம் நீளும். அங்கே தறி சும்மா கிடக்கும், நெசவாளர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர்கள் வீட்டுக்கு நான் காபிப்பொடி கடன் வாங்கப் போயிருந்தபோது அக்கா போட்டு உடைத்துவிட்டார்.

"அந்தப் பழைய வண்டிய எனக்குக் குடு. நானே ஓட்டிகினு போறேன்."

"ஆட்டோன்னா இன்னான்னு நெனச்சிகினே? நூல முறுக்கற மாதிரியா?"

"டீச்சர் கேமுல நாப்பது ட்ரிப்பு ஓட்டிக்கீறேன்யா நானு."

அண்ணா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "சர்தான்மே. அதுலயே நூறு போடு. ஆயுத பூஜைக்குள்ள நூறு ட்ரிப்பு முடிச்சிட்டா, பழைய வண்டிய கழுவிப் பூஜ போட்டு, எலுமிச்சம்பழத்து மேல நீயே ஏத்து. எல்.எல்.ஆர். எடுக்க நானே இட்டுகினு போறேன். டீச்சர்தான் சாட்சி."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையை இரண்டு தடவை கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எண்பதைத் தாண்டினார். ஆயுத பூஜை வியாழக்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் போனைத் தூக்கி என்னிடம் காட்டினார். தொண்ணூற்றேழு. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கடைசிப் பத்து ட்ரிப் எழுதியவளுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கொடுமை என்று.

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு அலங்கார அப்டேட் போட்டால் என்ன என்று தோன்றியது. கேம் ஆட்டோவுக்கு மாலை, இரண்டு பக்கம் வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான் கிறிஸ்தவச்சிதான், ஆனால் ஆட்டோவுக்கு மாலை போட்டால் அழகாக இருக்கும் என்று சொல்ல மதம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் புறப்படுவதற்கு முன் அரக்கப் பரக்க ஏற்றிவிட்டேன்.

யாருடைய ஸ்கோரும் என்னிடம் கிடையாது. எனக்கென்று சர்வர் இல்லை. ஊரார் விவரத்தை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன் என்பது என் பெருமை. அவரவர் போனில், பிரவுசருக்குள் ஒரு சின்னப் பெட்டி உண்டு. ட்ரிப் எண்ணிக்கை அதில்தான் இருக்கும். புது அப்டேட்டில் எண்களை வேறு விதமாக அடுக்கியிருந்தேன். பழையது கிடந்து புதியதோடு மோதிக்கொள்ளப் போகிறதே என்று, திறந்தவுடன் பெட்டியைச் சுத்தமாகத் துடைக்கும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். என் போனில் பார்த்தேன். மாலை ஷோக்காக இருந்தது. என் போனில் ஸ்கோர் எப்போதுமே பூஜ்யம்தான், சோதனைக்காகத் தினம் நானே அழிப்பேன். அதனால் அழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போதகர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். பையில் போன் அதிர்ந்தது. திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். மாலையும் வாழைக்கன்றுமாக ஆட்டோ. மேலே பெரிய பூஜ்யம். அந்த ஒற்றை வரி என் கண் முன்னே வந்து நின்றது. "கர்த்தாவே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள், நான் பிரசங்கத்தில் உருகிவிட்டேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. அவரும் அழுதார்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே எதிர் வீடு. அண்ணா நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வா டீச்சர், வா. ஆட்டோவுக்கு மாலையெல்லாம் போட்டு அனுப்பிட்டியாமே!"

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "இன்னா பண்ணே?" என்று மட்டும் கேட்டார். நான் பெட்டி, அடுக்கு, துடைப்பது என்று ஏதேதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பழசு கெடந்தா புதுசுக்கு எடஞ்சல்னு மொத்தத்தயும் அறுத்துப் போட்டுட்டே. அதான?"

"ஆமாக்கா."

"பழைய பாவ அடியோட அறுத்துட்டா புதுச எதுல பிணைப்பே? எங்க தெருவுலயே குடியிருக்கே, இதுகூடவா தெரியாது?"

நாற்பது பக்க நோட்டில் ஒரு புள்ளி தப்பாத என் திமிர் அந்த இடத்தில் பொடிப் பொடியாகப் போனது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"கவலைப்படாதீங்கக்கா. லேப்டாப்ப எடுத்துகினு வரேன். உங்க போன்லயே தொண்ணூத்தேழுன்னு போட்டுக் குடுத்துடறேன், ரெண்டு நிமிஷம்."

"அதெப்டி?" அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயே கையால மார்க்கு போட்டா அது இன்னா டீச்சர் நியாயம்? நாளிக்கி உன் கிளாஸ்ல பிட்டடிச்ச பொண்ணும் இதத்தான் சொல்லும். தொண்ணூத்தேழுன்னு இன்னா ஆதாரம்? எழுவதாக்கூட இருக்கும். டேட்டா போய்ட்ச்சு, பந்தயமும் போய்ட்ச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. நான் பார்த்தேன் என்று சொல்லலாம். ஆனால் அழித்தவளே சாட்சி சொன்னால் யார் கேட்பார்? அக்காவின் பழைய வண்டி, முள்ளிப்பட்டுக்கு நினைத்த நேரத்தில் போகும் ஆசை, இத்தனை மாதத்து மத்தியானம், எல்லாம் என் ஒரு வரியில் போய்விட்டது.

அக்கா எழுந்தார். உள்ளே போய், சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு பட்டு நூலைக் கழற்றி எடுத்து வந்தார். துண்டு துண்டாக மிஞ்சிய மஞ்சளும் பச்சையும் கத்திரிப்பூ நிறமுமாக நீட்டி முடிந்த நூல். நெடுக முடிச்சு. பத்துக்கு ஒரு தரம் சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

"ஒவ்வொரு ட்ரிப்பும் சந்தவாசல் போய்ச் சேந்த ஒடனே போட்டது. உன் மெஷின நம்பி நான் ஏன் சும்மா இருக்கணும்?"

நான் எழுதிய கேமுக்கு நான் வைக்காத நகலை அவர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்! எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அண்ணா மட்டும் விடவில்லை.

"முடிச்சு யார் வேணா போடலாம்மே. இப்பக்கூட ஒக்காந்து போடலாம்."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "இருவது வருசமா இந்த ஊர்ல பாவு பிணைக்கிறேன். ஒரு எழ கொறஞ்சிதுன்னு எவனாவது நம்ம வாசப்படி ஏறிகினு வந்தானா? சொல்லு."

அண்ணா மெல்ல நூலை வாங்கி, தானே எண்ணத் தொடங்கினார். நானும் கூடவே எண்ணினேன். ஒன்பது சிவப்பு. அதற்கு மேல் ஆறு முடிச்சு. தொண்ணூற்றாறு.

"பாத்தியா, கணக்கு ஒதைக்குது!" என்று அண்ணா துள்ளினார்.

"உன் கேமுல ஒண்ணு ஜாஸ்தியா வருது டீச்சர்," என்றார் அக்கா. "ரெண்டு வாரமா எனக்குத் தெரியும். சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு உட்டுட்டேன்."

அழித்ததற்குத் தலை குனிந்த நான் இதற்குக் குனிவதாக இல்லை. "அக்கா, நான் அழிப்பேன், ஆனா தப்பா எண்ண மாட்டேன். ஒரு ட்ரிப் போய்ச் சேந்தாதான் ஒண்ணு ஏறும். அதுல தப்பே வராது."

"நானும் தப்பா முடிய மாட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். இரண்டு எண்ணிக்கையும் சரியென்றால், ஒரு ட்ரிப்பை அந்தப் போனில் வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அக்காவின் தலையும் என் தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. அண்ணா மின்விசிறியை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ்."

"இன்னாமே?"

"நான் மத்தியானம் கண்ணசந்தப்ப போன எடுத்தியா?"

"ஒரே ஒரு தபா போய்ச் சேந்தேன். அவ்ளோதான். அதுக்குப் போய்..."

"எத்தினி தபா கவுத்தே?"

அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது... ஒரு முப்பது இருக்கும். அந்த ரெண்டு கெழவிங்களயும் எங்க ஒக்கார வெச்சாலும் தள்ளுதுங்கமே!"

பதினெட்டு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் முப்பது தடவை கவிழ்த்திருக்கிறார்! நான் சிரித்த சிரிப்பில் சர்ச்சுக்குக் கட்டிய சேலையின் மடிப்பெல்லாம் கலைந்துவிட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அண்ணாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து அக்காவின் போனை மாட்டினேன். "தொண்ணூத்தேழு போட்டுடட்டா? கேம்ல காட்டினது அதானே" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது நான் ஓட்னது இல்ல. தொண்ணூத்தாறே போடு."

போட்டேன். அண்ணா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தார். அன்று மத்தியானமே அந்தத் துடைக்கும் வரியை எடுத்தெறிந்துவிட்டு, பழைய எண்ணைப் படித்து, புதிய இடத்தில் எழுதி, எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்வரை பழையதைத் தொடாதபடி மாற்றி எழுதினேன். அக்கா தறியில் செய்வது அதுதான். நான் காலம் போன காலத்தில் கற்றுக்கொண்டேன்.

மிச்சம் நாலு ட்ரிப், நாலு நாள். திங்கட்கிழமை ஒன்று முடித்தார். செவ்வாய்க்கிழமை பதினோரு தடவை கவிழ்ந்தது, ஒன்றும் முடியவில்லை. முகம் சின்னதாகிப் போயிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் ஒரே ஒரு எண்தான். வண்டி எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்பதற்கான எண். அதைத் துளி தளர்த்தினால் போதும், யாருக்கும் தெரியாது. ஃபைலைத் திறந்து மாற்றியும்விட்டேன். பிறகு, தான் ஓட்டாத ஒரு ட்ரிப்பை வேண்டாமென்று தள்ளிய மனுஷி ஞாபகத்துக்கு வந்தார். அவரிடம் போய் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்? பழைய எண்ணையே திரும்பப் போட்டு லேப்டாப்பை மூடினேன்.

புதன்கிழமை வெறி பிடித்தவர் மாதிரி உட்கார்ந்து இரண்டு முடித்தார். தொண்ணூற்றொன்பது.

வியாழக்கிழமை காலை எங்கள் தெருவே கழுவிக்கொண்டிருந்தது. தறி, சைக்கிள், தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அண்ணா இரண்டு ஆட்டோக்களையும் கழுவி நிறுத்தியிருந்தார். தார்ப்பாய்க்குள்ளிருந்து வெளியே வந்த பழைய வண்டிக்கும் மாலை போட்டிருந்ததைக் கவனித்தேன். கேட்டதற்கு, "வண்டின்னா வண்டிதான டீச்சர்" என்று வேறு பக்கம் பார்த்தார். அக்கா அந்தப் பழைய ஆட்டோவின் பின் சீட்டிலேயே போனோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் தடவை கவிழ்ந்தது. இரண்டாவது தடவை சந்தவாசலுக்கு ஒரே ஒரு ஸ்டாப் முன்னால் கவிழ்ந்தது. மூன்றாவது தடவைக்கு ஈரத்துண்டில் விரலை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மழை வந்தது. பாவுக்காரர் ஏறினார். இரண்டு அத்தைகளும் ஏறினார்கள். "கொஞ்சம் நவுந்து ஒக்காரு, கொஞ்சம் நவுந்து ஒக்காரு" என்று என் குரலே போனிலிருந்து கத்த, எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. கடைசி ஸ்பீடு பிரேக்கர்.

"லெஃப்ட்ல ஏத்து! கோழிக்காரன லெஃப்ட்ல ஏத்துமே! ஜல்தி, ஜல்தி!" என்று ஒரு குரல். பார்த்தால் அண்ணா. தான் எதிர்க்கட்சி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கோழிக்காரர் இடது பக்கம் போனார். வண்டி ஒரு தடவை வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. சந்தவாசல். நூறு.

அக்கா கத்தவில்லை. இடுப்பிலிருந்து அந்த நூலை உருவி, நூறாவது முடிச்சைப் போட்டு, பத்தாவது சிவப்பைக் கட்டினார். பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கையில் சாம்பல் வாசனை, சந்தன வாசனை.

கற்பூரம் காட்டி, மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார் அண்ணா. எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, டிரைவர் சீட்டைக் காட்டினார். அக்கா முன்னால் ஏறினார், நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். அண்ணா பின்னால் என் பக்கத்தில் ஏறி, அக்கா தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கிளட்ச் எது, கியர் எது என்று காட்டினார். எடுத்த எடுப்பில் வண்டி உதறிக்கொண்டு நின்றுவிட்டது. தெரு சிரித்தது. இரண்டாவது தடவை ஊர்ந்தது. பின்னால் இரண்டு பழமும் சத்தத்தோடு நசுங்கின. முன்சக்கரத்துப் பழம் மட்டும் நழுவி ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் நின்றது.

"முன்னாடி பழம் நசுங்கல!" என்று அண்ணா எட்டிக் குதிக்கப் பார்த்தார்.

"கொஞ்சம் நவுந்து ஒக்காருய்யா, வண்டி சாயுது," என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். அண்ணா நகர்ந்து உட்கார்ந்தார். வண்டி பழத்தைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஏறியது.

எங்கள் தெருமுனை வரைக்கும்தான் போனோம், மொத்தம் ஐம்பது அடி இருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, இடுப்பிலிருந்து புது நூல் ஒன்றை எடுத்து, கைப்பிடியில் கட்டி, ஒரே ஒரு முடிச்சு போட்டார் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இதயாவது அழிச்சிடாத."